இருபதாயிரம் ரூபாய்க்கு எத்தனை கையெழுத்து?

ஒரு கூத்துக் குழுவை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் இருப்பதுபோல், குழுவை நடத்துகிற வாத்தியாரோடு சேர்த்துப் பதினான்கு பேர். ஆர்மோனியத்தின் துருத்தியில் காற்று நிற்கவில்லை. இரண்டு கிரீடங்களில் கண்ணாடிச் சில்லு உதிர்ந்து கட்டை தெரிகிறது. புதிதாகச் சேர்ந்த பையன்கள் இருவருக்குச் சலங்கை இல்லை. எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ரூபாயில் முடிகிற வேலை.

உதவுவதற்கென்றே பக்கத்து நகரத்தில் ஓர் அறக்கட்டளையும் இருக்கிறது. அதன் படிவம் மூன்று வருட ஆடிட் அறிக்கை கேட்கிறது. அமைப்பின் பெயரில் பான் எண் கேட்கிறது. ‘எதிர்பார்க்கும் விளைவுகள்’ 500 சொற்களில் வேண்டும், ஒவ்வொரு செலவுக்கும் மூன்று கொட்டேஷன் வேண்டும். கிரீடம் செய்கிறவர் அந்த வட்டாரத்திலேயே ஒருவர்தான். மூன்று கொட்டேஷனுக்கு எங்கே போவது? வாத்தியார் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல வட்டிக்கு வாங்கப் போய்விடுவார். அந்த இருபதாயிரம், படிவம் நிரப்பத் தெரிந்த ஒரு குழுவின் ஃப்ளெக்ஸ் பேனர் செலவுக்குப் போய்ச் சேரும்.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பெரிய நிறுவனங்களின் படிவத்தைச் சின்ன அறக்கட்டளைகள் அப்படியே நகலெடுத்துக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஐம்பது லட்சம் தருகிறவர் கேட்கிற தாள்களை ஐம்பதாயிரம் தருகிறவரும் கேட்கிறார். சமூகக் கலைக்கும் உள்ளூர்க் குடிமைப் பணிக்கும் நிதி தருவதில் முக்கால்வாசிப் பிசகு இங்கேதான் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஐந்தாறு லட்சம் திரட்டி, பத்தாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை பிரித்துக் கொடுக்கிற அளவுள்ள அறக்கட்டளைகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறோம். தொகை சிறியதென்றால் தாளும் சிறியதாக இருக்க வேண்டும். ஆனால் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியும்.

பணம் வரும் வழி

முதலில் பத்திரம். பெரும்பாலான அறக்கட்டளைப் பத்திரங்களில் ‘கலை, பண்பாடு வளர்ச்சி’ என்று ஒரு வரி இருக்கும். அது போதாது. ‘தனிநபர்களுக்கும் பதிவு பெறாத குழுக்களுக்கும் நிதியுதவி அளித்தல்’ என்று தனியாக எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் பறைக் குழுவுக்குக் கொடுத்த காசு அறக்கட்டளையின் நோக்கத்துக்குள் வருமா என்று வரி மதிப்பீட்டில் கேள்வி எழும். பத்திரத்தைத் திருத்தும் அதிகாரத்தையும் பத்திரத்திலேயே எழுதி வையுங்கள். அந்த ஒரு பத்தி விட்டுப்போனால் பின்னால் ஒரு வரியை மாற்றவும் நீதிமன்றம் ஏற வேண்டி வரலாம்.

வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் கலைப் பணி பெரும்பாலும் ‘பொதுப் பயன்பாட்டு நோக்கம்’ என்ற தலைப்பில் விழும். கல்வி, மருத்துவம், ஏழைகளுக்கு உதவி ஆகியவற்றுக்கு இல்லாத ஒரு கட்டுப்பாடு இதற்கு உண்டு: டிக்கெட், ஸ்டால் வாடகை, விளம்பரம் போன்ற வணிக வரவு அந்த ஆண்டின் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டுக்கான வரிவிலக்கு போகும். விழா நடத்தி டிக்கெட் விற்றே நிதி திரட்டலாம் என்று திட்டமிடுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பன்னிரண்டு ஏபி (அறக்கட்டளையின் வரிவிலக்குப் பதிவு), எண்பது ஜி (நன்கொடையாளருக்கான வரிச்சலுகை) என்று ஆடிட்டர்கள் சொல்லிப் பழகிய பிரிவு எண்கள், 2025 ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் மாறுகின்றன. பழைய ரசீதுப் புத்தகத்தை அப்படியே மறுபடி அச்சடிக்காதீர்கள்.

அடுத்தது, சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கிற உறவினர் பணம். ஊர்ப் பற்றுள்ளவர்கள் அனுப்புகிறேன் என்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் நம் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், உள்ளூர்க் கணக்கிலிருந்து ரூபாயாகவே தந்தாலும், அது வெளிநாட்டு நிதிதான். அதை வாங்க வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் கணக்கு திறக்க வேண்டும். இத்தனையும் செய்து வாங்கினாலும் நம் காரியத்துக்கு உதவாது. 2020 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வந்த பணத்தை இன்னோர் அமைப்புக்கோ குழுவுக்கோ மாற்றித் தர முடியாது. பிரித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட அறக்கட்டளைக்கு அந்தப் பணத்தால் என்ன பயன்? ஆகவே முதலில் பாஸ்போர்ட் நிறத்தைக் கேளுங்கள், அப்புறம் வங்கி எண்ணைக் கொடுங்கள்.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் பாரம்பரியக் கலை, கைவினை, பொது நூலகம் எல்லாம் இடம்பெறுகின்றன. கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் அதற்குத் தனி இனமே உண்டு. ஆனால் செயல்படுத்தும் அமைப்புக்கு மூன்று ஆண்டு அனுபவமும், 2021 ஏப்ரல் முதல் தனிப் பதிவு எண்ணும் கேட்பார்கள். அது கிடைத்தாலும் மேடையின் மூன்றில் ஒரு பங்கை லோகோ அடைத்துக்கொள்ளும். தவிர, ஊராட்சியின் கணக்கைக் கேள்வி கேட்கிற நாடகத்துக்குக் கம்பெனிப் பணம் வராது. வந்தாலும் அந்தக் காட்சியை வெட்டச் சொல்லும்.

எனவே உள்ளூர்ப் பணமே நிலையானது. மாதம் 500 ரூபாய் தருகிற நூறு பேர் இருந்தால் ஆண்டுக்கு 6,00,000. கடைவீதி, ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், ஊரை விட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போன பிள்ளைகள் என்று தேடினால் நூறு பேர் சேருவார்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் அவர்களுக்கு வரிச்சலுகை கிடையாது என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். கூத்து நடக்கிற இடத்தில் உண்டியல் வைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. பெயர், முகவரி இல்லாமல் வரும் நன்கொடை ஆண்டுக்கு ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால் மேற்பட்ட தொகைக்கு 30 சதவீத வரி. க்யூஆர் அட்டையும் ஒரு நோட்டும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் அந்தத் தொல்லை வராது.

எதற்குக் கொடுப்பது, எதற்குக் கூடாது

ஊர் தானே செய்துகொண்டிருப்பதற்குப் பணம் தராதீர்கள். வட மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவுக்கு ஊரே தலைக்கட்டு வரி போட்டுக் கூத்து வைக்கிறது. கடைசி நாள் காலையில் படுகளம் வரைக்கும் அந்தச் செலவை ஊர் சுமக்கிறது. அங்கே அறக்கட்டளை ஒரு ராத்திரிக்கான காசைக் கொடுத்தால், அடுத்த வருடம் வரி வசூல் அந்த அளவுக்குக் குறையும். அதற்கடுத்த வருடம் நீங்கள் தரவில்லை என்றால் ஒரு ராத்திரி கூத்து நின்றுவிடும். உதவப் போய் நிறுத்தினதாக ஆகும்.

ஊர் எதைச் செய்யவில்லையோ அதற்குக் கொடுங்கள். பங்குனி முதல் ஆடி வரை கூத்துக்காரருக்குத் தூக்கம் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக் காலத்தில் கையில் காசு இருக்காது. அந்த மூன்று மாதத்தில்தான் கருவியைப் பழுது பார்க்கவும், பிள்ளைகளுக்கு அடவு சொல்லித்தரவும், புதுப் பிரதி பழகவும் நேரம் உண்டு. பணம் புரட்டாசி முடிவதற்குள் கையில் இருக்க வேண்டும். ஏப்ரலில் விண்ணப்பம், ஜூலையில் முடிவு, டிசம்பருக்குள் செலவு என்று ஆங்கில நிதியாண்டைப் பார்த்து அட்டவணை போட்டால், வாத்தியார் ஊர் ஊராகச் சுற்றுகிற நேரத்தில் அவரிடம் விண்ணப்பம் கேட்பீர்கள்.

கருவி, ஆடை அணிகலன் வாங்குவதற்குத் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் வழியாக அரசு உதவியும் உண்டு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. பலருக்கு வாரிய அட்டையே இல்லை அல்லது புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். குழுவில் ஐந்து பேருக்கு அட்டை வாங்கிக் கொடுக்கப் போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் கூலியும் தந்தால், நீங்கள் தருகிற சிறு தொகையைவிட அது நீண்ட நாள் நிற்கும். இதை யாரும் கலைத் திட்டம் என்று விண்ணப்பத்தில் எழுத மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

சுவர் ஓவியத்துக்கு வருவோம், ஏனென்றால் வருகிற விண்ணப்பங்களில் அதுதான் அதிகம். சென்னை கண்ணகி நகரில் 2020 வாக்கில் ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டிய பிறகு எல்லா ஊருக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. அங்கே பின்னால் ஒரு பெயிண்ட் கம்பெனியும் மாநகராட்சியும் இருந்தன. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொள்ள வேண்டாம். ஒரு பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், 400 சதுர அடி, இந்த அளவோடு தொடங்குங்கள்.

அதற்கே செய்ய வேண்டியது நிறைய. சுவர் சொந்தக்காரரிடம், அரசுச் சுவர் என்றால் துறையிடம், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொது இடங்களில் சுவரை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. புதுப் பூச்சு என்றால் 28 நாள் காய வேண்டும். பழைய சுண்ணாம்பு அடித்த சுவரில் எமல்ஷன் ஒட்டாது. சுரண்டி எடுத்து, உப்புத்தாள் தேய்த்து, கழுவி, காயவிட்டு, வெளிப்புற பிரைமர் ஒரு கோட் அடிக்க வேண்டும். 400 சதுர அடிக்குப் பிரைமர் நான்கைந்து லிட்டர், இரண்டு கோட் எமல்ஷன் ஏழெட்டு லிட்டர். ஓவியத்தில் நிறம் அதிகம் என்பதால் சிறு டப்பாக்களாக வாங்க நேரும், ஒவ்வொன்றிலும் மிச்சம் விழும். கணக்கில் ஒன்றரை மடங்கு போடுங்கள். தரையிலிருந்து இரண்டடி வரை ஈரம் ஏறுகிற சுவரில் முக்கியமான உருவம் எதையும் வைக்காதீர்கள், அங்கேதான் முதலில் உரியும். சாரம் கட்டுகிற செலவை எல்லோரும் மறப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தூரிகையைத் தொடவே வேண்டாம்; பொங்கல் கழித்துத் தொடங்கி மாசிக்குள் முடிப்பது நல்லது.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். அந்தச் சுவரடியில் சாக்கடை ஓடினால் ஓவியத்துக்குக் கொடுக்கிற காசைச் சாக்கடைக்காக மனு எழுதுவதற்குக் கொடுக்கலாமா? எங்கள் கருத்து, கொடுக்கலாம்.

கிராம சபையும் நாடகமும்

குடிமைப் பணி என்றால் பலருக்கு விழிப்புணர்வுப் பேரணி, உறுதிமொழி, தொப்பி என்றுதான் தோன்றுகிறது. தொப்பிக்குக் காசு தராதீர்கள். ஒரு தேதியும் ஒரு கோரிக்கையும் இருக்கிற திட்டத்துக்குத் தாருங்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபைக்கு ஆண்டில் ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊர் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருந்தால்தான் குறைவெண் வரம்பு நிறைவேறும். ஒரு நாடகக் குழு இந்த எண்ணைக் குறியாக வைத்து வேலை செய்யலாம். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்பிருந்து, ஒரு மாலைக்கு ஒரு தெரு. நாடகம் இருபத்தைந்து நிமிடம். முடிந்ததும் பதினைந்து நிமிடம் பேச்சு. அந்தப் பேச்சில் வருகிற கோரிக்கையை ஒருவர் அங்கேயே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கிராம சபையில் அந்தத் தாளை வைத்து, தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று பார்த்து, எண்ணைக் குறித்துக்கொண்டு வர வேண்டும். மூன்று மாதம் கழித்து அந்தத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு. பதில் தர முப்பது நாள் அவகாசம். தபால் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள். தபால் போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகைதான் பின்னால் மேல்முறையீட்டுக்கு ஆதாரம்.

இதில் கெட்டுப்போகிற இடங்கள் தெரிந்தவையே. நாடகம் நன்றாக நடந்து, கோரிக்கையை யாரும் எழுதாமல் விட்டுவிடுவது முதலாவது. தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கிற ஊராட்சியில், மேடையில் பதில் சொல்ல யாரும் இல்லாமல் போவது இன்னொன்று. அங்கே வட்டார வளர்ச்சி அலுவலர் பெயருக்கே மனுவைத் தயார் செய்யுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் கூட்டமே தள்ளிப்போகும், நாடகத்துக்கும் தேர்தல் அலுவலர் அனுமதி வேண்டும். எந்த நேரத்திலும் கட்சி, வேட்பாளர் சார்ந்த நிகழ்ச்சிக்கு அறக்கட்டளைப் பணம் போகக் கூடாது. வாக்களியுங்கள் என்று சொல்லலாம், இன்னாருக்கு என்று சொல்லக் கூடாது.

நகரத்தில், கிராம சபைபோல வார்டு மக்கள் கூடுகிற ஏரியா சபைகள் 2022 நவம்பர் 1 அன்று முதல்முறை கூடின. சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்து. தன் வீடு எந்தப் பகுதியில் வருகிறது என்பதே பலருக்குத் தெரியாது; தெருப் பெயர்களோடு ஒரு வார்டு வரைபடம் வரைந்து மளிகைக்கடைச் சுவரில் ஒட்டுவது மலிவான, உருப்படியான திட்டம். நான்கு ஓவியக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார வேலை.

பறைக் குழுக்களைப் பற்றி ஒன்று. கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் பறை அடித்து அறிவிக்கலாமே என்று விண்ணப்பங்களில் எழுதுவார்கள். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி ஒலிபெருக்கி வண்டியைப் பயன்படுத்தும்படி 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். யாரை, எந்தத் தெருவிலிருந்து அழைத்து அடிக்க வைத்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பறையை மேடைக்குக் கூப்பிடுங்கள், மற்ற குழுக்களுக்குத் தருகிற அதே தொகைக்கு. அறிவிப்புக்கு ஆட்டோவும் மைக்கும் போதும்.

‘நமக்கு நாமே’ திட்டத்தையும் பார்த்து வையுங்கள். பெரும்பாலான பணிகளுக்கு மக்கள் பங்கு மூன்றில் ஒன்று வந்தால் மீதியை அரசு போடும். படிப்பகச் சீரமைப்புக்கு மூன்று லட்சம் மதிப்பீடு என்றால், மக்கள் பங்கில் ஐம்பதாயிரத்தை அறக்கட்டளை தந்து, மீதி ஐம்பதாயிரத்தை ஊரில் திரட்டச் சொல்லலாம். மொத்தப் பங்கையும் நீங்களே கட்டினால் ஊர் அதை உங்கள் கட்டடமாகத்தான் பார்க்கும். குழாய் உடைந்தாலும் உங்களுக்குத்தான் போன் வரும்.

படிவம், கணக்கு, கைக்குப் போகும் காசு

ஐம்பதாயிரம் வரைக்குமான விண்ணப்பம் ஒரு பக்கம் போதும். யார், எந்த ஊர், என்ன செய்யப் போகிறீர்கள், எப்போது, எதற்கு எவ்வளவு, உங்களைத் தெரிந்த உள்ளூர்க்காரர் இருவர், யாருடைய வங்கிக் கணக்கு. வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடக் குரல் பதிவாக வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அறக்கட்டளை ஆள் ஒருவர் அதை எழுதி, போனில் திரும்பப் படித்துக் காட்டி, சம்மதம் வாங்கி வைத்தால் அதுவே விண்ணப்பம். கொட்டேஷனுக்குப் பதிலாக ஒருவர் நேரில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரட்டும். மூன்று வருட ஆடிட் அறிக்கை சொல்லாததை ஒத்திகை சொல்லிவிடும்.

விண்ணப்பத்தில் எழுதுகிற செலவு எப்போதும் குறைவாகவே இருக்கும், அதிகமாக இருக்காது. எட்டுப் பேர், ஐந்து நாள் ஒத்திகை, மூன்று நாள் காட்சி என்றால் அறுபத்து நான்கு ஆள் நாள். ஒரு நாளைக்கு 600 ரூபாய் என்று வைத்தாலும் 38,400. குழு கேட்பதோ 15,000. துணிக்கும் மைக்குக்கும் மட்டும் கணக்குப் போட்டிருப்பார்கள், தங்கள் உழைப்பைச் சேர்த்திருக்க மாட்டார்கள். கேட்டதை அப்படியே கொடுத்தால் ஒத்திகையின் மூன்றாம் நாள், பெயிண்டிங் வேலை வந்தது என்று இரண்டு பேர் போய்விடுவார்கள். அதைப் பொறுப்பின்மை என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம். கூட்டிக் கேட்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் மூன்று காட்சியை ஒன்றாகக் குறையுங்கள்.

விட்டுப்போகிற மற்றவை: ராத்திரி ஒரு மணிக்குப் பஸ் இல்லாத ஊரிலிருந்து திரும்ப வேன், சாப்பாடு, பெண்கள் உடை மாற்ற மறைவான அறையும் கழிப்பறையும், மின் இணைப்பு அல்லது ஜெனரேட்டர். பிறகு ஒரு பத்து சதவீதம் கைச்செலவு. கூத்துக் குழுவுக்குத் தரும்போது அவர்களுடைய பங்கு முறையில் கை வைக்காதீர்கள். வாத்தியாருக்கும் கட்டியங்காரனுக்கும் முகவீணைக்காரருக்கும் எத்தனை பங்கு என்பது அவர்களுக்குள் தீர்ந்த விஷயம். ஆளுக்குச் சமமாகப் பிரித்துக் கையெழுத்து வாங்கு என்று நிபந்தனை போட்டால், பொய்க் கணக்கு எழுதப் பழக்குகிறீர்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை என்று மட்டும் பேசி வைக்கலாம்.

காசு போய்ச் சேருகிற இடத்தில்தான் எதிர்பாராத அடி. குழுத் தலைவரின் கணக்கு, முழு ஆவணம் இல்லாமல் திறந்த ‘சிறு கணக்காக’ இருந்தால், ஆண்டுக்கு மொத்த வரவு ஒரு லட்சம், எந்த நேரத்திலும் இருப்பு 50,000, மாதத்துக்கு எடுப்பது 10,000 என்று வரம்பு. நீங்கள் 40,000 போட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். அவரால் முதல் மாதம் பத்தாயிரம்தான் எடுக்க முடியும். இரண்டு வருடம் வரவு செலவே இல்லாத கணக்கு முடங்கியிருக்கும். ஊரறிந்த மேடைப் பெயரும் ஆதார்ப் பெயரும் வேறாக இருக்கும், காசோலை திரும்பும். ஆகவே முடிவெடுத்த உடனே ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள், பாஸ்புக் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கேஒய்சி முடிக்க வேண்டியிருந்தால் அதற்கு ஒரு வாரம் விடுங்கள். சரி, ரொக்கமாகவே கொடுத்துவிடலாமே என்றால், ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் தரும் ரொக்கத்தை அறக்கட்டளையின் செலவாக வரித்துறை ஏற்காது.

தவணையில் கடுமை வேண்டாம். வேலை முடிந்தபின் பாதி என்ற விதி, கையில் காசில்லாதவரைக் கடனாளியாக்கும். எண்பது சதவீதம் தொடக்கத்திலேயே, இருபது முடிவில். பத்தாயிரத்துக்கு உட்பட்டது என்றால் முழுவதும் முன்பணமாகவே. அதில் சில சமயம் ஏமாறலாம். அந்த நஷ்டத்துக்கு ஆண்டு நிதியில் ஒரு பங்கை முதலிலேயே மனதளவில் எழுதிவிட்டால் தூக்கம் கெடாது.

அனுமதி விஷயத்தில் சுருக்கமாக: ஒலிபெருக்கி இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடாது என்பது 2000 ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஆண்டுக்கு அதிகபட்சம் பதினைந்து நாள் மட்டும் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். விடிய விடியக் கூத்து என்றால் மைக் இல்லாமல் ஆட வேண்டும், அல்லது ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகிற சுருக்கிய வடிவம். இரண்டாவது நகரத்துக்குச் சரி. கிராமத்தில் அதைக் கூத்து என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். காவல் நிலையத்துக்கு மனுவை ஒரு வாரம் முன்பே கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

யார் தேர்ந்தெடுப்பது

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2010 இல் ‘டெட்ராய்ட் சூப்’ என்று ஒன்று தொடங்கினார்கள். வாசலில் ஐந்து டாலர் கொடுத்தால் சூப், சாலட், ரொட்டி, ஒரு ஓட்டு. நான்கு பேர் ஆளுக்கு நான்கு நிமிடம் தங்கள் திட்டத்தைச் சொல்வார்கள், கூட்டம் நான்கு கேள்வி கேட்கும். சாப்பிட்டுக்கொண்டே பேசி ஓட்டுப் போடுவார்கள். அன்று வசூலானது முழுக்க வென்றவருக்கு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து ஆடி மாத மொய் விருந்தைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும், ஒரு வித்தியாசத்தோடு: மொய் நோட்டில் எழுதியதைத் திருப்பிச் செய்தாக வேண்டும், டெட்ராய்ட்டில் செய்ததைச் சொன்னால் போதும்.

நம் ஊரிலும் செய்து பார்க்கலாம் என்று தோன்றும். நிதி திரட்டவும் முகம் பழகவும் நல்ல வழி. ஆனால் ஓட்டை மட்டும் அப்படியே இறக்குமதி செய்யாதீர்கள். நம் ஊரில் ஓட்டுப் போட்டால் பெரிய தெரு ஜெயிக்கும். காலனியின் பறைக் குழு இருபது பேரோடு வரும், மெயின் ரோட்டுக் கோலாட்டக் குழு இருநூறு பேரோடு வரும். சில ஊர்களில் ஒரே பந்தியில் உட்காருவதே தகராறாகும். தகுதியை ஒரு சிறு குழு பார்த்துப் பட்டியல் போட்டு, அதிலிருந்து சீட்டுக் குலுக்கி எடுப்பது இதைவிட நியாயம். உத்திரமேரூர்க் குடவோலையில் பெயர் எழுதவே கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும் என்று கல்வெட்டு சொல்கிறது. நம் சீட்டில் அந்த நிபந்தனை வேண்டாம்.

பட்டியல் போடும் குழுவில் ஐந்து பேர்: இரண்டு கலைஞர்கள், மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒருவர், ஊராட்சி நடைமுறை தெரிந்த ஒருவர், அறக்கட்டளையிலிருந்து ஒரே ஒருவர். இரண்டு ஆண்டுக்கு மேல் யாரும் இருக்கக் கூடாது. உறவினர் விண்ணப்பம் வந்தால் எழுந்து வெளியே போக வேண்டும், போனதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அறங்காவலர்களின் நெருங்கிய உறவுக்குப் பலன் போனால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு போகும் என்பதால் இது வெறும் நாகரிகம் சார்ந்த விஷயம் இல்லை. இல்லை என்று சொல்ல வேண்டியவர்களுக்குப் போனில் காரணத்தோடு சொல்லுங்கள்.

அறிக்கையாக ஐந்து படங்கள், பத்து நிமிடக் குரல் பதிவு, பில்கள். பில் கிடைக்காத செலவுக்குக் கையெழுத்திட்ட வவுச்சர்; 5,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கைமாறினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப். பார்வையாளர் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஐந்நூறு என்றுதான் எழுதுவார்கள். புதிதாக எத்தனை பிள்ளைகள் முழுப் பாடம் கற்றார்கள், எந்தத் தீர்மானம் எந்த எண்ணில் ஏறியது, எது நடக்கவில்லை என்று கேளுங்கள். ஆண்டு வரவில் 85 சதவீதத்தை மார்ச் 31க்குள் செலவிட வேண்டும் என்ற விதி இருப்பதால், பிப்ரவரியில் பல அறக்கட்டளைகள் பதறிப்போய் யார் கேட்டாலும் கொடுக்கும். அதைத் தவிர்க்க, கருவி வாங்கும் விண்ணப்பங்கள் இரண்டு மூன்றை முன்பே முடிவு செய்து கையிருப்பில் வைத்திருங்கள். கருவியை எந்த மாதத்திலும் வாங்கலாம்.

கருவி என்றதும் நினைவில் வைக்க வேண்டியது, குழு உடைவது. வாத்தியாருக்கும் மகனுக்கும், அல்லது இரண்டு முக்கிய வேடக்காரர்களுக்கும் மனக்கசப்பு வந்து குழு இரண்டாக உடைவது எல்லாப் பக்கமும் நடக்கிறது. அப்போது ஆர்மோனியம் யாருக்கு என்று இரு தரப்பும் அறக்கட்டளை வாசலுக்கு வரும். காசு கொடுக்கும் நாளிலேயே மூன்று வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: கருவி குழுவுக்குச் சொந்தம், இரண்டு ஆண்டுக்குள் குழு பிரிந்தால் யார் பிள்ளைகளுக்குத் தொடர்ந்து சொல்லித்தருகிறார்களோ அவர்களிடம் இருக்கும், அதற்குப் பிறகு அதில் அறக்கட்டளைக்கு எந்தப் பேச்சும் கிடையாது.